மிசா, தணிக்கை, படப்பெட்டி: நெருக்கடி நிலைக் காலம் பற்றிய கேள்வி பதில்

1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாட்டில் நெருக்கடி நிலை (எமர்ஜென்சி) இருந்தது. அதையொட்டி 1970-களின் இந்திய அரசியல், நீதிமன்றம், சினிமா பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. பல கேள்விகளில் "தடை செய்தார்கள்", "உள்ளே போட்டார்கள்" என்று பொதுவாகவே எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், யார் கையெழுத்தில் என்று கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கையெழுத்தே இல்லாமல் நடந்தவையும் உண்டு. அவற்றுக்கும் கீழே வருகிறேன்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி): ஐயா, இந்திரா காந்தியின் தேர்தல் "மேடை போட்டதற்காக" ரத்தானது என்கிறார்கள். அவ்வளவு சிறிய காரணமா?

சிறியதோ பெரியதோ, சட்டம் அப்படித்தான் இருந்தது அம்மா. 1971-இல் ரேபரேலியில் அவர் ராஜ்நாராயணை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ராஜ்நாராயண் மனுவில் குற்றச்சாட்டுகள் பல: போர்வை, வேட்டி விநியோகம், பசு-கன்று சின்னம், விமானப்படை விமானம், 35,000 ரூபாய் செலவு வரம்பு மீறல். இவை எதுவும் நிற்கவில்லை. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா ஏற்றுக்கொண்டவை இரண்டே. ஒன்று, பிரதமர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த யஷ்பால் கபூர், பதவி விலகல் நடைமுறைக்கு வருமுன்பே தேர்தல் வேலை பார்த்தது. இன்னொன்று, உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகளைக் கொண்டு மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் ஏற்பாடு செய்துகொண்டது. இரண்டும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7)-இன்கீழ் ஊழல் நடவடிக்கை. அது நிரூபணமானால் தேர்தல் செல்லாது. ஆறாண்டுத் தகுதியிழப்பும் கூடவே வரும். குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு இடமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த கட்டம். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்ற விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையோடு இடைக்காலத் தடை கொடுத்தார்: பிரதமராகத் தொடரலாம், மக்களவைக்குப் போகலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை. பிறகு சட்டத்தையே பின்தேதியிட்டு மாற்றினார்கள். வேட்புமனு கொடுத்த நாளிலிருந்துதான் ஒருவர் "வேட்பாளர்". அரசு ஊழியர் அலுவல் கடமையாகச் செய்த ஏற்பாடு குற்றமில்லை. பதவி விலகல் எந்த நாளிலிருந்து என்று அரசிதழ் சொல்கிறதோ அதுவே முடிவு. சின்ஹா தீர்ப்பின் இரண்டு தூண்களுக்கும் அளவெடுத்துச் செய்த திருத்தங்கள் இவை. அதற்கும் மேலே ஆகஸ்ட் 10 அன்று 39-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் வைத்தது. நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியமான உட்பிரிவை அடித்து நீக்கியது. தேர்தல் சட்ட மாற்றங்களை மட்டும் ஏற்று, அவற்றின்படி அவர் வெற்றி செல்லும் என்றது. "நீதிமன்றம் அவரை விடுவித்தது" என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தியும் குலைக்க முடியாது என்பது 1973-ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி வழக்கில் பிறந்த கோட்பாடு. அந்த வழக்குக்குப் பிறகு, அதைக் கொண்டு ஒரு திருத்தத்தை நீதிமன்றம் முதன்முதலாக அடித்தது இந்திராவின் வழக்கில்தான்.

கேள்வி (மதுரை வாசகர்): கலைஞர் ஆட்சியைக் கலைத்தது எமர்ஜென்சி சட்டத்திலா?

இல்லை. நெருக்கடி நிலை அரசியல் சட்டத்தின் 352-ஆவது பிரிவு. மாநில ஆட்சிக் கலைப்பு 356. ஆளுநர் கே.கே. ஷா அனுப்பிய அறிக்கையின் பேரில் 1976 ஜனவரி 31 அன்று கலைத்தார்கள். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கவும் முடியாது. 1975 ஜூன் 27 அன்றே தி.மு.க. செயற்குழு நெருக்கடி நிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதன்பின் ஏழு மாதம், வடக்கே தேடப்பட்ட எதிர்க்கட்சியினர் பலருக்குச் சென்னை ஒதுங்கும் இடமாக இருந்தது. ஆட்சி போன அன்றிரவே கைதுகள் தொடங்கின.

கேள்வி: மிசா, டி.ஐ.ஆர். என்று இரண்டு பெயர் அடிபடுகிறது. வித்தியாசம் என்ன?

ஊரில் உள்ளே போன எல்லோரையும் "மிசாக் கைதி" என்று சொல்லிவிடுவோம். சட்டப்படி இரண்டும் வேறு.

மிசா என்பது 1971-இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம். இதில் குற்றச்சாட்டு, விசாரணை எதுவும் கிடையாது. இவரை வெளியே விட்டால் ஆபத்து என்று மாவட்ட ஆட்சியரோ மாநில அரசோ ஆணை போட்டால் போதும். நெருக்கடி நிலை வந்ததும் 16ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி கைதுக்கான காரணத்தைக் கைதிக்குச் சொல்ல வேண்டியதில்லை, காவல் சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவிடம் போக வேண்டியதில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரசே தன் ஆணையைத் தானே மறுபரிசீலனை செய்துகொள்ளும். காரணங்கள் ரகசியம், நீதிமன்றத்துக்குக்கூடக் காட்ட வேண்டாம் என்றும் எழுதிவைத்தார்கள்.

டி.ஐ.ஆர். என்பது இந்தியப் பாதுகாப்பு விதிகள். இதில் வழக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு, கடினமானாலும் ஜாமீன் உண்டு. ஜாமீனில் வெளியே வந்தவரைச் சிறை வாசலிலேயே மிசாவில் மறுபடி பிடிப்பது அன்றைய வழக்கம். நெருக்கடி நிலை அத்துமீறல்களைப் பின்னர் விசாரித்த நீதிபதி ஜே.சி. ஷா கமிஷன் கணக்குப்படி நாடு முழுவதும் மிசாவில் 34,988 பேர், பாதுகாப்பு விதிகளில் 75,818 பேர்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): உயிர் வாழும் உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மையா? நம்ப முடியவில்லை.

உண்மை. மனம் கனக்கும் தீர்ப்பு அது. 1975 ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவர் ஓர் ஆணை போட்டார்: 14 (சமத்துவம்), 21 (உயிரும் சுதந்திரமும்), 22 (கைதில் பாதுகாப்பு) ஆகிய பிரிவுகளை நிலைநாட்டக் கோரி யாரும் நீதிமன்றம் போக முடியாது. ஆனாலும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள், அடைத்துவைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றே சொன்னன. ஆணையை நீக்க முடியாவிட்டாலும், ஆளை மாற்றிப் பிடித்தார்களா, அதிகாரம் இல்லாதவர் கையெழுத்திட்டாரா என்றாவது பார்க்கலாம் என்பது அவற்றின் நிலை. அரசு மேல்முறையீடு செய்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐவர் அமர்வில் நால்வர் (ஏ.என். ரே, பெக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி) அதையும் பார்க்கக் கூடாது என்றார்கள். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட நிவாரணம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார்.

கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அவர் வாதத்தின் உயிர்நாடி இது: உயிரும் சுதந்திரமும் 21-ஆவது பிரிவு தந்த கொடை இல்லை, அந்தப் பிரிவே எழுதப்படாதிருந்தாலும், சட்டத்தின் ஆட்சி உள்ள நாட்டில் சட்ட அதிகாரம் இல்லாமல் யாருடைய உயிரையும் அரசு பறிக்க முடியாது. விலையும் கொடுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரான பெக் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். நால்வரில் ஒருவரின் மகன்.

படிக்க விரும்பினால், அந்த 1976 தீர்ப்பு (ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு) அவ்வாண்டின் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) உச்ச நீதிமன்றத் தொகுதியில் பக்கம் 1207-இல் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான பக்கம். நேராகக் கன்னாவின் பகுதிக்குப் போய்விட்டு, பிறகு பெரும்பான்மைக்குத் திரும்புங்கள். எது மறுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு படித்தால் அந்த நால்வரின் சுற்றிவளைப்பு விளங்கும்.

கேள்வி (கோவை, பழைய பாடல் ரசிகர்): கிஷோர் குமார் பாட்டை வானொலியில் தடை செய்த அரசாணை நகல் எங்கே கிடைக்கும்?

அப்படியோர் அரசாணையைத் தேடி அலையாதீர்கள் ஐயா. பண்பாட்டுத் துறையில் நடந்தவற்றில் பெரும்பகுதி வாய்மொழி உத்தரவும் உள்சுற்றுக் குறிப்பும்தான். இந்திரா அரசின் இருபது அம்சத் திட்டப் பிரச்சாரத்துக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அழைத்தபோது கிஷோர் ஒத்துழைக்க மறுத்தார். 1976 மே 4 முதல் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அவர் பாடல்கள் நின்றன. பாடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒலிபரப்புக்கூடம் அரசின் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஷா கமிஷன் அமைச்சக அதிகாரிகளை விசாரித்ததால் இந்த விவரம் எழுத்தில் ஏறியது. இல்லாவிட்டால் அதுவும் வதந்தியாகவே போயிருக்கும்.

கேள்வி (திரைப்படப் பிரியர், சென்னை): அப்போது "தடை செய்யப்பட்ட படங்கள்" என்று ஒரு நீண்ட பட்டியல் சுற்றுகிறது. எதை நம்புவது?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "எந்த வகைத் தடை?" என்று எழுதிப் பாருங்கள்.

முதல் வகை, தணிக்கைச் சான்றிதழே தராதது. 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தில் 5பி பிரிவைக் காட்டி மறுப்பார்கள். இன்றுள்ளவர்கள் மறந்துவிடும் விஷயம், அன்று மேல்முறையீடு மத்திய அரசிடமே போனது. தனித் தீர்ப்பாயம் 1983-இல்தான் நடைமுறைக்கு வந்தது; 2021-இல் அதையும் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான். இரண்டாம் வகை, சான்றிதழ் வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் படத்தை மத்திய அரசு நிறுத்துவது. மூன்றாவது, அந்தந்த மாநிலத் திரையரங்குச் சட்டத்தின்கீழ் மாநில அரசோ மாவட்ட ஆட்சியரோ அமைதி கெடும் என்று காட்சியை நிறுத்திவைப்பது. நான்காவது, காகிதமே இல்லாத வகை: விநியோகஸ்தருக்கு ஒரு தொலைபேசி, பெட்டி திரும்பிவிடும்.

"ஆந்தி" இரண்டாம் வகை. 1975 பிப்ரவரியில் வெளியாகி ஓடிக்கொண்டிருந்த படம். நாயகியின் தோற்றத்தில் இந்திராவின் சாயல் இருந்தது. நெருக்கடி நிலையில் நிறுத்தினார்கள், 1977-இல் ஜனதா ஆட்சியில் திரும்ப வந்தது. அரசைக் கேலி செய்த "கிஸ்ஸா குர்சி கா" தொடக்கத்தில் முதல் வகை. அதைத் தயாரித்த அம்ரித் நஹாட்டா அப்போது காங்கிரஸ் எம்.பி. தணிக்கை வாரியத்துக்குள் கருத்து பிளந்து, விவகாரம் மத்திய அரசிடம் போய், அனுமதி மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதிகள் படத்தைப் பார்க்க வேண்டும் என்றதும், பிரதியைக் காணவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. நெகட்டிவ் உட்பட எல்லாம் அழிந்தன. குர்கானில் சஞ்சய் காந்தியின் மாருதி தொழிற்சாலை வளாகத்தில் எரித்ததாக வழக்கு நடந்து, 1979 பிப்ரவரியில் டெல்லி அமர்வு நீதிமன்றம் சஞ்சய் காந்திக்கும் அமைச்சராக இருந்த வி.சி. சுக்லாவுக்கும் இரண்டாண்டு தண்டனை விதித்தது. 1980 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சாட்சியம் போதாதென்று இருவரையும் விடுவித்தது. நஹாட்டா அதே கதையை மறுபடி எடுத்தார். இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது படம். அழிந்த முதல் படத்தைப் பார்த்ததாக எழுதும் விமர்சனங்களை ஒதுக்கிவிடுங்கள்.

படத்தைவிட ஆளுக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. கன்னடத்தின் "சம்ஸ்காரா"வில் நடித்த சினேகலதா ரெட்டி சென்னை நாடக உலகில் அறியப்பட்டவர். 1976 மே மாதம், ஜார்ஜ் பெர்னாண்டஸ் முதலானோர் மேல் வெடிமருந்துச் சதி என்று போட்ட பரோடா டைனமைட் வழக்கை ஒட்டிக் கைதாகிப் பெங்களூர்ச் சிறையில் எட்டு மாதம் இருந்தார். கடுமையான ஆஸ்துமா. 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 20-ஆம் தேதி இறந்துபோனார். தடைப் படங்களின் பட்டியல் போடுபவர்கள் முதல் வரியில் அவர் பெயரை எழுதட்டும்.

கேள்வி: "ஷோலே"யும் தடையான படமா?

இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. தாக்கூர் கப்பரைக் கொல்வதாக எடுத்த முடிவைத் தணிக்கை ஏற்காததால், போலீஸ் வந்து பிடிப்பதாக மாற்றினார்கள்.

கேள்வி (தஞ்சை வாசகர்): பத்திரிகைத் தணிக்கையை எப்படி நடத்தினார்கள்? வெற்றிடம் விட்டு வெளியிட்டார்களாமே?

முதல் நாள் இரவு முறை மிக எளிது. டெல்லியில் பெரும்பாலான நாளிதழ்கள் அச்சாகும் பகதூர் ஷா ஜாபர் சாலைக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அடுத்த நாள் பாதுகாப்பு விதிகள் 48-இன்கீழ் முன்தணிக்கை ஆணை வந்தது. அச்சேறுமுன் தணிக்கை அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. பிறகு வெற்றிடம் விடுவதையும் தடுத்தார்கள். வெட்டுப்பட்டது வாசகருக்குத் தெரியக் கூடாதல்லவா. 1976 பிப்ரவரியில் நான்கு செய்தி நிறுவனங்களை "சமாச்சார்" என்ற ஒன்றில் கரைத்தார்கள்.

தமிழில் இரண்டு சொல்கிறேன். "துக்ளக்" அட்டையைக் கறுப்பாக வெளியிட்டது. "முரசொலி" செய்தது இன்னும் நுட்பமானது. யார் யார் கைது என்று எழுத முடியாது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அவர் நினைவிடத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று மாவட்டவாரியாகப் பெயர்களைப் போட்டார் கலைஞர். வீட்டுக்கு வராத கணவனும் மகனும் எங்கே என்று பல குடும்பங்களுக்குத் தெரிந்தது அந்தப் பட்டியலால்தான்.

கேள்வி: 1977-இல் வடக்கே காங்கிரஸைத் துடைத்தெறிந்தார்கள். தமிழ்நாடு ஏன் மாற்றிப் போட்டது? நமக்கு உணர்வு இல்லையா?

இப்படிக் கேட்பது நம் மக்களுக்குச் செய்யும் அநியாயம் தம்பி. உத்தரப் பிரதேசத்தில் 85-இல் ஒன்றுகூட இல்லை, பீகாரில் 54-இல் ஒன்றுகூட இல்லை. இந்திராவே ரேபரேலியில் 55,202 வாக்கில் தோற்றார். தமிழ்நாட்டில் அ.தி.மு.க., காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் அணிக்கு 39-இல் 34. ஆனால் வடக்கே வாக்காளர் கண்டது கட்டாயக் கருத்தடை முகாம், புல்டோசர். 1976-77-இல் நாட்டில் 81 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை, இலக்கைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. வற்புறுத்தலின் சுமை வடக்கில்தான் அதிகம். இங்கே முதல் ஏழு மாதம் மாநில அரசே எதிர்ப்பில் நின்றது. கைதான தி.மு.க.வினருக்குச் சென்னைச் சிறையில் விழுந்த அடி அன்று வெளியே தெரியவில்லை. அவர்களில் சிட்டிபாபுவும் சாத்தூர் பாலகிருஷ்ணனும் இறந்தார்கள். அதை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன் விசாரித்ததெல்லாம் தேர்தலுக்குப் பிறகு. 1972 அக்டோபரில் கட்சி பிளந்தது முதல் இங்கே போட்டி எம்.ஜி.ஆர்., கலைஞர் என்றே ஆகிவிட்டிருந்தது. 1973 மே மாதம் "உலகம் சுற்றும் வாலிபன்" வெளியான சில நாட்களில் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்றதிலிருந்து அந்த அலை ஓயவில்லை.

டெல்லியிலும் மக்களை வீட்டிலேயே நிறுத்தச் சினிமாவைப் பிடித்துப் பார்த்தார்கள். 1977 பிப்ரவரி 6 அன்று ராம்லீலா மைதானத்தில், காங்கிரஸை விட்டு வெளியேறியிருந்த ஜெகஜீவன் ராம் கலந்துகொண்ட எதிர்க்கட்சிக் கூட்டம். அன்று மாலை தூர்தர்ஷனில் திடீரென்று "பாபி" படம். கூட்டம் குறையவில்லை.

கேள்வி: ஷா கமிஷன் இவ்வளவு எழுதியும் ஏன் யாருக்கும் தண்டனை இல்லை?

விசாரணைக் கமிஷன் நீதிமன்றம் அல்ல. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி, கமிஷன் முன் ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறெதிலும் அவருக்கெதிராகப் பயன்படுத்த முடியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து புலனாய்வு செய்து நிரூபிக்க வேண்டும். 1978-இல் மூன்று அறிக்கைகள் வந்தன. அவற்றின் மேல் வழக்கு நடத்தச் சிறப்பு நீதிமன்றச் சட்டம் 1979-இல்தான் வந்தது. ஜூலையில் மொரார்ஜி அரசு விழுந்தது. 1980 ஜனவரியில் இந்திரா திரும்பினார். ஜனதா தலைவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு கழித்த மாதங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அறிக்கைப் பிரதிகளே கிடைக்காமல் போய், 2010-இல் நம் இரா. செழியன்தான் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பெரிய நூலகங்களில் அந்தப் பதிப்பைக் கேளுங்கள்.

கேள்வி (விருதுநகர்): தாத்தா 1976-இல் சிறையில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். ஆவணம் எடுக்க வழி உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். முதலில் வீட்டில் நான்கு விவரம் சேருங்கள்: ஆவணத்தில் இருக்கக்கூடிய முழுப்பெயர் (தந்தை பெயர், அன்றைய வழக்கப்படி சாதிப் பின்னொட்டு இருந்தால் அதுவும்), அன்றைய ஊரும் தாலுகாவும், கைதான மாதம், எந்தச் சிறை. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு தனி மனு, ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய். ஒன்று அந்தச் சிறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு: அனுமதிப் பதிவேட்டில் அந்த மாதத்துக்குரிய பக்கத்தின் சான்றிட்ட நகல். இன்னொன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு: காவல் ஆணையின் நகல். விருதுநகர் அப்போது தனி மாவட்டம் இல்லை, இராமநாதபுரம் மாவட்டம்; அங்கேயும் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

கெட்டுப்போவது பெரும்பாலும் கேள்வியில். "மிசாக் கைதிகள் அனைவரின் விவரம்" என்று கேட்டால் தொகுத்துத் தர இயலாது என்று திருப்புவார்கள். மிசா என்று மட்டும் எழுதினால், தாத்தா பாதுகாப்பு விதிகளில் போனவராக இருந்தால், "இல்லை" என்று பதில் வரும். ஆகவே "மிசா அல்லது இந்தியப் பாதுகாப்பு விதிகள்" என்று எழுதுங்கள். ரகசியம் என்றால், 20 ஆண்டு கடந்த தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது என்ற 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள். அழித்துவிட்டோம் என்றால் அழித்த ஆணையின் நகலைக் கேளுங்கள். பல நேரம் அதைக் கேட்ட பிறகுதான் பதிவேடு கிடைக்கும்.

நாளிதழ்களில் 1976-ஆம் ஆண்டைப் புரட்டி நேரம் போக்காதீர்கள், தணிக்கையில் பெயர் வந்திருக்காது. 1977 ஜனவரி முதல் ஆண்டு இறுதிவரை, விடுதலைச் செய்திகளும் இஸ்மாயில் கமிஷன் சாட்சியங்களும் வந்த மாதங்களைப் பாருங்கள். கன்னிமாராவிலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய இதழ்கள் உள்ளன.

கேள்வி: அதே மாதிரி இன்னொரு முறை செய்ய முடியுமா?

அதே வழியில் முடியாது. 1978-இன் 44-ஆவது திருத்தம் 352-இல் "உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று வைத்தது. அன்று அமைச்சரவைக்கே மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. இன்று அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவு இல்லாமல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியாது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை ஒப்புதல், ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிப்பு. 20, 21 பிரிவுகளை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது.

ஆனால் அதே திருத்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவையும் படியுங்கள். விசாரணையில்லாமல் அடைத்துவைப்பதை ஆலோசனைக் குழு பார்க்காமல் நீட்டிக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, அந்தக் குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொல்லும் பிரிவு அது. நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவுக்கு, அதன்பின் வந்த எந்த அரசும் தேதி குறிக்கவில்லை.